ஆறில் மூன்று

மகேந்திரராஜா அண்ணை சொன்னவற்றை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரே கேள்விகளைப் பல வருடங்களாகப் பலரிடம் கேட்டு வருபவள் நான். பதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒருவருடைய நடுங்கும் கையை இன்னொருவருடைய முகத்தோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். அவர் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார் என்று தோன்றுகிறது; அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்த அறையில் அப்படிச் சிரித்துக்கொண்டு யாரும் பேசியதில்லை.

ஜெர்மனியின் வுப்பர்டாலில், மதுவுக்கும் போதைப் பொருட்களுக்கும் அடிமையானவர்களைப் பார்க்கும் ஒரு நிலையத்தில் நான் உளவியலாளராக இருக்கிறேன். ஒருவர் குடிக்கிறாரா இல்லையா என்பது எங்களுக்குச் சிறிய கேள்வி. அந்தக் குடிக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டு பெயர்கள் உண்டு. குடியால் உடம்போ மனமோ கெட்டிருந்தால் அது தீங்கான பாவனை, அதாவது கெடுதல் தரும் பயன்பாடு. அதற்கு அப்பால் போய்விட்டால் சார்புநிலை. சார்புநிலை என்று எழுத ஆறு அடையாளங்களைத் தேடுவோம். அடக்க முடியாத வேட்கை. தொடங்கினால் நிறுத்த முடியாமை. நிறுத்தினால் உடல் நடுங்குவது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமை. மற்ற விருப்பங்களும் கடமைகளும் பின்னுக்குப் போவது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விடாமை. கடந்த ஒரு வருடத்துக்குள் இவற்றில் மூன்று சேர்ந்திருந்தால் போதும். அமெரிக்கர்கள் பதினோரு அடையாளங்கள் வைத்து, இலேசு, நடுத்தரம், கடுமை என்று படி பிரிக்கிறார்கள். நாங்கள் இன்னும் இந்த ஆறோடுதான் இருக்கிறோம்.

எங்கள் தொழிலில் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். இரண்டு பியர் என்று ஒருவர் சொன்னால் மனம் தானாகவே நான்கு என்று திருத்திக்கொள்ளும். வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் திருத்தம் நிற்பதில்லை.

மகேந்திரராஜா பஸ் சாரதி. முந்தைய வருடம் ஒரு காலையில், வேலைக்கு வந்த இடத்தில் வாயில் விஸ்கி மணத்தது. சாரதி அனுமதிப் பத்திரம் போயிற்று. அதைத் திரும்ப எடுக்க இங்கே ஒரு பரிசோதனை உண்டு. சனங்கள் அதை முட்டாள் பரிசோதனை என்பார்கள். நீண்ட காலம் ஒரு துளியும் தொடவில்லை என்று காட்ட வேண்டும். எந்த நாளில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூப்பிட்டால் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். முதலில் கொடுத்தவை எல்லாம் சுத்தமாக இருந்தன. கடைசியாகக் கொடுத்ததில் மதுவின் தடயம். எங்களைப் போன்ற ஒரு நிலையத்தின் கருத்தை வாங்கி வரும்படி அவரை அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய கம்பனி இலையுதிர்காலம் வரை அவருடைய இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. பழையது தீங்கான பாவனைதான், இப்போது வந்த தடயத்துக்கு வேறு காரணம் உண்டு என்று நாங்கள் எழுதினால் அவர் திரும்ப பஸ் ஓட்டலாம். சார்புநிலை என்று எழுதினால் ஆஸ்பத்திரி, சிகிச்சை, அதன் பிறகு முழுதாக ஒரு வருடம் முதலிலிருந்து. அந்த இடம் அதுவரை காத்திருக்காது.

முதல் நாள் மனைவி குமுதினியோடு வந்தார். கதவில் இருந்த என் பெயரை வாசித்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"தமிழோ?"

"ஓம்."

"டொச்சுக்காரர் ஆரும் இல்லையோ?"

"ஜெர்மன் ஆக்கள் இருக்கினம். மாத்தித் தரலாம். ஆனா அடுத்த டெர்மின், நேரம் கிடைக்க நல்லாக் காத்திருக்க வேணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி நாற்காலியைப் பார்த்தார். வந்து இருந்தார்கள்.

"பிள்ளை எந்த ஊர்?"

"நான் இஞ்சைதான் வளந்தனான், அண்ணை."

"அது நீங்கள் கதைக்கேக்கையே விளங்குது. அப்பா எந்த ஊர்?"

நான் பதில் சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் அப்பாவின் பெயர் வரும். பெயரைச் சொன்னால் யார் யாருக்கு என்ன முறை என்று வரும். பிறகு அந்த அறையில் கேள்வி கேட்பவள் நானாக இருக்கமாட்டேன்.

"சொல்ல மாட்டா," என்றார் குமுதினி அக்கா. "எங்களைப் பற்றி மட்டும் எல்லாம் கேப்பா."

"நீங்கள் சொல்லுறது இந்தக் கதவுக்கு வெளியிலை போகாது, அக்கா. சட்டம் அப்பிடி."

"சட்டமோ?" என்றார் அவர். "ஹம் அம்மன் கோயில் தேருக்குச் சனம் எல்லாம் கூடி நிண்டு கதைக்கேக்கை உந்தச் சட்டம் எங்கை நிக்கும், பிள்ளை? தண்ணிப்பந்தலடியிலையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கடைசிப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன்.

"நான் தொடேல்லை," என்றார் மகேந்திரராஜா.

நான் பேசாமல் இருந்தேன். மௌனம் எனக்குப் பழகியது, பிடித்ததும்கூட. ஜெர்மானியர்கள் அதைத் தாங்கமாட்டார்கள். சற்று நேரத்தில் தாங்களாகவே எதையாவது எடுத்து அதற்குள் போடுவார்கள். மகேந்திரராஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே தொங்கு ரயில் ஆற்றின் மேலே போவதைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த ரயிலும் போயிற்று. குமுதினி அக்காதான் கைப்பையைத் திறந்தார்.

ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அரிஷ்டம். லேபலில் திராட்சைக் குலை.

"இதுதான் அவர் குடிக்கிறது. வயித்துக்கு. மருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி."

"அது நல்ல மருந்து," என்றார் மகேந்திரராஜா. "டொச்சுக்காரன் பியரைத் தண்ணி எண்டுறான். எங்கடை மருந்தைச் சாராயம் எண்டுறான்."

மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். திராட்சை, கராம்பு, வெல்லம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இன்னொன்று. அரிஷ்டத்தைப் புளிக்க வைத்துத்தான் செய்வார்கள். மது அதற்குள் தானாகவே ஊறும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் கொடுப்பார்கள். யாரும் அதைக் குடி என்று சொல்வதில்லை. ஆனால் பரிசோதனையில் வந்த அளவு ஒரு மூடிக்கு மிக அதிகம்.

"ஒரு மூடிதானோ, அக்கா?"

"ஒரு மூடிதான். நான்தானே ஊத்திக் குடுக்கிறன்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இந்தப் போத்தலுக்குப் பின்னால் விஸ்கி இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து அதை மறைக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். பழைய தந்திரம். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் தண்ணீர், மாமியார் செய்த கேக் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

எங்கள் தலைமை வைத்தியர் வைடெமான் போத்தலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அந்தப் பொருளைத் தெரியாது. "இதில் மது இருக்கிறது என்றால் தடயத்துக்கு இது காரணமாயிருக்கலாம் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை," என்றார். "நீ நம்புகிறாயா?"

"இல்லை."

"அப்படியானால் அவரிடம் தனியாகப் பேசு. முழுதாகப் பேசு."

இரண்டாம் முறை அவர் தனியாக என் முன்னால் இருந்தார். மனைவி வெளியே நடையில் இருந்தார். நான் நேராக விஸ்கியில் தொடங்கினேன். எப்போது, யாரோடு, வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய முகம் இறுகியது.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. அண்டைக்கு வேலையிலை பிடிபட்டு வந்த கிழமையே நான் ஹம்முக்குப் போய், அம்மாளுக்கு முன்னாலை அபிஷன்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பெடியன். இனிக் குடிச்சா அது அவன்ரை தலையிலை விழும். விளங்குதோ? உங்களுக்குப் பொய் சொல்லலாம், டொக்டருக்குப் பொய் சொல்லலாம். பெடியன்ரை தலையிலை அடிச்சிட்டுக் குடிக்கிறதுக்கு நான் என்ன மிருகமோ?"

அவரை நம்பினேன். அப்படி நம்பிவிட்டதாலேயே என்ன கேட்பதென்று தெரியாமல் போயிற்று. மீதி நேரத்தைப் போக்குவதற்காகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். பிறகு நான் அதை வேண்டுமென்றே செய்தேனோ என்றும் தோன்றியிருக்கிறது.

"சரி அண்ணை, விஸ்கியை விடுவம். மருந்தைப் பற்றிச் சொல்லுங்கோ. எப்பிடித் தொடங்கினியள்?"

இறுகியிருந்த முகம் இளகிவிட்டது. சிரித்தார்.

"அதுவோ? அது நல்ல சாமான். குடியை விட்ட பிறகு எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது. அரியரத்தினத்தின்ரை கடையிலை கண்டு வாங்கினது. முதல்லை ஒரு மூடி. அதோடையே கண்ணைச் சுத்திக்கொண்டு நித்திரை வரும்."

"இப்ப?"

"இப்ப ஒரு மூடி எங்கை காணும்! உடம்பு பழகிப்போச்சு. இப்ப ஒரு கிளாஸ், பிறகு இன்னொரு கிளாஸ். சில நாள் போத்தல் முடிஞ்ச பிறகுதான் எழும்பிறது, அடுத்ததை உடைக்க."

"ஒரு கிளாஸோடை நிப்பாட்டுவம் எண்டு நினைக்கிறேல்லையோ?"

"நினைக்கிறதுதான். ருசி விடாது, பிள்ளை." திரும்பவும் சிரித்தார். "மருந்து கசக்கும் எண்டுவினம். இது என்ன மருந்தோ தெரியாது!"

"காலமையிலையும் எடுப்பியளோ?"

"எடுக்காட்டி ஏலாது. கை நிக்காது. மூடியிலை ஊத்தினா மூடி ஆடும், அரைவாசி கீழை. அதாலை வாயிலை வைச்சே குடிக்கிறது. ரெண்டு மிடறு போனா அப்பிடியே கை கல்லு மாதிரி நிக்கும். அவ்வளவு சத்து."

நான் எதையும் குறிக்கவில்லை. பேனாவைத் தொட்டால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

"கடையிலை இல்லாட்டி என்ன செய்வியள்?"

"ஐயோ, அந்தக் கதையை விடுங்கோ. அபிஷன் எலெக்ட்ரிக் வேலை பழகி Ausbildung முடிச்சவன் எல்லே, பத்திரம் குடுக்கிற விழா. கூப்பிட்டவங்கள், போனனான், பக்கத்திலை மனிசி. அண்டைக்குக் காலமை அரியரத்தினத்திட்டை சாமான் இல்லை, கொண்டெய்னர் வரேல்லை எண்டிட்டான். எனக்கு இருக்கவே ஏலாமல் போச்சு. வேர்க்குது, நெஞ்சு பதறுது. டோர்ட்முண்டிலை மற்றக் கடைக்காரன் பூட்டிப்போடுவான் எண்டு பாதியிலை எழும்பி ரயில் எடுத்திட்டன். பெடியன் மேடையிலை ஏறேக்கை நான் ஸ்டேஷனிலை. அவன் ஒண்டும் கேக்கேல்லை. மருந்துக்குத்தானே போனனான்."

"உங்கடை வீட்டு டொக்டர் ஈரலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். ரத்தத்திலை அந்த அளவு ஏறிப்போய் நிக்குதாம். அதுக்குத்தான் கூட எடுக்கிறன். அரிஷ்டம் ஈரலுக்கு நல்லது எல்லே."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. இந்த மௌனம் எதையும் வெளியே எடுப்பதற்கானது அல்ல. நான் சந்தேகப்பட்டது தவறு. அவர் விஸ்கி தொடவில்லை; எதையும் மறைக்கவில்லை. மற்றவர்கள் பொய்க்குள் புதைத்து வைப்பதை, நாங்கள் மாதக்கணக்கில் தோண்டி எடுப்பதை, இவர் ஒன்றன்பின் ஒன்றாக என் மேசையில் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். எங்களுடைய ஆறு கேள்விகளும் போத்தலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. அது மனிதனை என்ன செய்கிறது என்றுதான் கேட்கின்றன.

அவர் கழிப்பறைக்குப் போனபோது குமுதினி அக்கா நடையில் என் கையைப் பிடித்தார்.

"சொல்லிப்போட்டார், என்ன?"

"அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியாமல் என்ன! ஆர் வாங்கிறது? அரியரத்தினம் ஏதும் நினைச்சிடுவான் எண்டு அரைவாசியை எஸ்ஸன் கடையிலை வாங்கிறன்." குரலைத் தணித்தார். "தங்கச்சி, விஸ்கி குடிச்சா அவர் கை நீட்டுவார். இதைக் குடிச்சா படுப்பார். நான் என்ன செய்ய?"

"இப்ப அடிக்கிறாரோ?"

"இல்லை. ஒரு நாளும் இல்லை. அதைத்தானே சொல்லுறன். நீங்கள் நல்ல கடிதம் ஒண்டு எழுதித் தாங்கோ. வேலை கிடைச்சா நானே மெல்ல மெல்ல நிப்பாட்டிப்போடுவன்."

பஸ்ஸில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் அவர் என் கையை விட்டுவிட்டார்.

வைடெமானிடம் எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஜெர்மன் மொழியில் அந்தச் சிரிப்பு இல்லை. வெறும் அடையாளங்களாக வந்தன. அவர் விரல் மடித்துக்கொண்டே வந்து, நான் முடிக்கும்போது இரண்டாவது கையில் இருந்தார்.

"இதில் கேள்வியே இல்லை," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை ஒன்று கேட்கலாமா? கோபிக்காதே. நீங்கள் பேசியது எனக்குப் புரியாத மொழியில். அவர் உன் ஆள் என்பதால் நீ இளகவில்லை என்பது தெரிகிறது. உன் ஆள் என்பதால் அளவுக்கு மேல் கடுமையாக இருக்கிறாயா?"

"தெரியவில்லை," என்றேன்.

உண்மையாகவே தெரியவில்லை. இவருடைய வயதில் ஒரு ஜெர்மானியர் மூலிகை மதுவை வயிற்றுக்காகக் குடிப்பதாகச் சொன்னால் நான் அவ்வளவு பொறுமையாகத் தொடர்ந்து கேட்டிருப்பேனா? அரிஷ்டம் என்ற சொல்லே தெரியாத ஒருவர் என் நாற்காலியில் இருந்திருந்தால் அந்த மனிதர் கடிதத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். இலையுதிர்காலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், காலையில் இரண்டு மிடறு போன பிறகு. இந்தக் கடைசி வரியில்தான் ஒவ்வொரு முறையும் என் யோசனை வந்து நின்றது. சார்புநிலை என்று எழுதிய கடிதத்தில் வைடெமான் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன்.

அவரிடம் சொல்லும் நாளில் குமுதினி அக்காவும் வந்திருந்தார். நான் தமிழிலேயே சொன்னேன். சார்புநிலை. அரிஷ்டமும் மதுதான். தடயம் மருந்தால் வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த மருந்தைத்தான் உடம்பு விடமாட்டேன் என்கிறது.

அவர் மேசையிலிருந்த கடிதத்தின் மேல் கையை வைத்தார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே."

"ஓம் அண்ணை. ஒண்டும் சொல்லேல்லை."

"ஒரு மூடி எண்டு சொல்லியிருந்தா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ பிள்ளை. ஒரு மூடி எண்டு நிண்டிருந்தா?"

"இப்பிடி எழுதியிருக்க ஏலாது."

"டொச்சுக்காரன் எண்டா கேட்டே இருக்க மாட்டான்," என்றார் மனைவியிடம். "தமிழ்ப் பிள்ளை, எங்கடை சாமான் தெரிஞ்ச பிள்ளை எண்டு வாயைத் திறந்தன். ஊரும் சொல்லாமல், அப்பான்ரை பேரும் சொல்லாமல், என்ரை வாயாலையே என்ரை வேலையைப் பறிச்சுப் போட்டா."

"பேசாமல் இருங்கோ," என்றார் குமுதினி அக்கா.

"நீ பேசாதை. போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆர்?" பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் சட்டென்று வடிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது. "அப்ப... அது குடிதான் எண்டா, நான் பண்ணின சத்தியம்?"

குமுதினி அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"இவ்வளவு நாளும் அவன்ரை தலையிலையோ குடிச்சிருக்கிறன்?"

"உங்களுக்குத் தெரியாதே, அண்ணை. அறியாமல் செய்தது."

"அம்மாளுக்குத் தெரியும் எல்லே."

அவர் எழுந்தார். கடிதத்தை எடுக்கவில்லை, மனைவிதான் எடுத்து மடித்தார். கதவடியில் வைத்து நான் சொன்னேன்: "அண்ணை, ஒண்டு கேளுங்கோ. வீட்டிலை வைச்சுத் திடீரெண்டு நிப்பாட்டாதேங்கோ. ஆபத்து. ஆஸ்பத்திரியிலை படுத்துத்தான் நிப்பாட்ட வேணும். நான் இடம் எடுத்துத் தாறன்." அவர் கேட்டாரா என்று தெரியாது. சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்; கட்ட முடியவில்லை; குமுதினி அக்கா குனிந்து கட்டிவிட்டார்.

அன்று மாலையே அவர் வீட்டில் இருந்த போத்தல்களை எல்லாம் தொட்டிக்குள் ஊற்றினார். மூன்றாம் நாள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அபிஷன்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

மகேந்திரராஜா ஆஸ்பத்திரியிலும், பிறகு சவர்லாண்டில் ஒரு சிகிச்சை இல்லத்திலும் இருந்தார். விழுந்ததில் உடைந்த தோள் சரியாகப் பொருந்தவில்லை. பஸ் வேலை வேறொருவருக்குப் போயிற்று. கார் ஓட்டும் அனுமதியை மட்டும் பின்னர் எடுத்தார். இப்போது ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். குடிப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். குமுதினி அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார், கணவரோடுதான் இருக்கிறார். அபிஷன் ரெம்ஷைடில் மின்வேலை செய்கிறான், சுகமாக இருக்கிறான். அரியரத்தினம் கடையை விற்றுவிட்டு மகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். வைடெமான் ஓய்வு பெற்றார். நான் அதே அறையில் இருக்கிறேன். தமிழர்கள் வந்தால் முதலில், ஜெர்மானியர் ஒருவரிடம் மாற்றித் தரவா என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் ஓம் என்கிறார்கள்.